புள்ளியைப் பார்த்து ஏமாந்த கதை: மினியேச்சர் குதிரைகளின் நிறம் அறிதல்

டெக்சஸ் மாநிலத்தில், ஃபோர்ட் வொர்த் நகருக்குத் தெற்கே ஆறு ஏக்கர் புல்வெளியில் நானும் என் மனைவியும் மினியேச்சர் குதிரைகளை வளர்க்கத் தொடங்கியது 2014-ஆம் ஆண்டில். முதலில் வாங்கியது நான்கு வயதுப் பெண் குதிரை ஒன்று. அதன் பதிவுத் தாளில் நிறம் என்ற இடத்தில் 'சோரல் ரோன்' என்று எழுதியிருந்தது. அதாவது செவலை மயிரோடு வெள்ளை மயிர் கலந்தது என்று பொருள். காங்கேயம் பக்கத்தில் மாடுகளோடு வளர்ந்தவனுக்குச் செவலை, காரி, மயிலை, மறை என்று நிறம் பிரித்துச் சொல்லுவது புதிதல்ல என்பதால், அந்தத் தாளை நான் மறுபடி யோசிக்காமல் நம்பினேன். அந்த மிதப்பு கலைய ஐந்து ஆண்டுகளும், அதில் தூக்கமில்லாத ஓர் இரவும் ஆயின.

இந்தக் குதிரைகளில் நிறம் அறிவது ஏன் கடினம் என்பதற்கு அவற்றின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. 1978-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் விதிப்படி உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக்கூடாது; அதையும் மற்ற குதிரைகளுக்குப் போல முதுகு மேட்டின் உச்சியில் அளக்காமல், பிடரி மயிர் முடியும் இடத்தில் அளப்பார்கள். உயரத்துக்கு இவ்வளவு கெடுபிடி உண்டே தவிர நிறத்துக்குத் தடை எதுவும் இல்லை. அதனால் ஷெட்லாண்டு மட்டக்குதிரைகளின் திட்டுத் திட்டான வெள்ளையும், அர்ஜென்டினாவின் ஃபலபெல்லா குதிரைகளில் பரவலாகக் காணப்படும் சிறுத்தைப் புள்ளியும், சாம்பல் நிறமும், பிடரியை வெளிறச் செய்யும் சில்வர் நிறமும் ஒரே குட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படியலாம். மேலே தெரிவது ஒன்றாகவும் உள்ளே இருப்பது மூன்றாகவும் இருக்கும்.

எங்கள் செவலையிடம் வருகிறேன். வாங்கிய இரண்டாம் ஆண்டே அதன் இடுப்பும் முதுகும் வெளுக்கத் தொடங்கின. ரோன் என்றால் வெளுக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். உண்மையான ரோன் நிறம் அப்படி ஆண்டுக்காண்டு வெளுத்துக்கொண்டே போவதில்லை என்பதும், அதில் தலையும் கால்களின் கீழ்ப்பகுதியும் அடிநிறம் மாறாமல் நின்று உடல் மட்டுமே கலப்பாக இருக்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எங்கள் குதிரையில் நடந்ததோ நேர் எதிரானது. முகத்திலும் வெள்ளை கலந்தது. ஆனால் கன்ன எலும்பு, மூக்கெலும்பு, இடுப்பெலும்பின் முனை, முழங்கால் ஆகிய எலும்பு துருத்தும் இடங்கள் மட்டும் பழைய செம்மையோடு நின்றன. இதைத்தான் 'வார்னிஷ் ரோன்' என்கிறார்கள். பெயரில் ரோன் இருந்தாலும் இது ரோன் அல்ல. சிறுத்தைப் புள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்த, புள்ளியே இல்லாத ஓர் உறுப்பினர். உண்மையான ரோனில் காயம் ஆறிய இடத்தில் மயிர் வெள்ளை கலக்காமல் அடிநிறத்திலேயே முளைக்கும் என்பது இன்னொரு வேறுபாடு. எங்கள் குதிரையின் தோளில் கம்பி கீறிய தழும்பு ஒன்று இருந்தும் அதை நான் ஒருமுறைகூட அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை.

2016-இல் அதற்குப் பிறந்த முதல் பெண்குட்டி என் குழப்பத்தைக் கூட்டியது. தந்தை டோபியானோ வகை. முதுகைக் கடந்து இறங்கும் பெரிய வெள்ளைத் திட்டுகளும் வெள்ளைக் கால்களும் உடையது. குட்டிக்கும் அந்தத் திட்டுகள் அப்படியே வந்தன. ஆனால் இடுப்பின் வெள்ளைக்குள் கட்டைவிரல் அகலத்தில் ஏழெட்டுச் செம்புள்ளிகள் இருந்தன. டோபியானோக்களின் வெள்ளையில் சில சமயம் சிறு திட்டுகள் கொத்தாக வரும். அவற்றை இங்கே 'பூனைத் தடம்' என்பார்கள். டோபியானோ மரபணு இரண்டு பிரதிகள் இருப்பதற்கு அது அடையாளம் என்றும் பலர் சொல்வதுண்டு. நானும் அதையே சொல்லிக்கொண்டு, இதற்குப் பிறக்கும் குட்டிகள் எல்லாமே டோபியானோவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு மகிழ்ந்தேன். தாயிடம் டோபியானோ இல்லாதபோது மகளுக்கு இரண்டு பிரதிகள் எங்கிருந்து வரும் என்று கேட்டுப் பார்க்கும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

என் கண்ணைத் திறந்தவர் எங்கள் வேலிக்கு அப்பால் குதிரை வளர்த்துவந்த ஒரு மூதாட்டி. நாற்பது ஆண்டுக் குதிரை அனுபவம் உள்ளவர். ஜூன் மாத வெயிலில் குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வந்தவர், "மயிரைப் பார்க்காதே, நனைத்துவிட்டுத் தோலைப் பார்" என்றார். நனைந்த வெள்ளை மயிர் கண்ணாடி போல ஆகி, அடியில் உள்ள தோலின் நிறத்தைக் காட்டிவிடும். தோள் பக்கத்து வெள்ளையின் கீழே தோல் ஒரே சீரான இளஞ்சிவப்பாக இருந்தது. அது டோபியானோவின் வெள்ளை. இடுப்புக்கு வந்தபோதோ, இளஞ்சிவப்பின் நடுவே சாம்பல் நிற மச்சங்கள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு செம்புள்ளியைச் சுற்றியும், வெள்ளை மயிருக்கு அடியில் கருந்தோல் ஓர் இழை அகலத்துக்கு வளையமாகத் தெரிந்தது. காய்ந்திருந்தபோது நீலம் பாய்ந்த நிழல் போலத் தோன்றியது அந்த வளையம்தான். ஒரே இடுப்பில் இரண்டு வெவ்வேறு வெள்ளைகள் ஒட்டி நின்றிருக்க, நான் இரண்டையும் ஒன்றென்று எண்ணியிருந்தேன்.

அன்று முதல் நான் பார்க்கும் வரிசை மாறிவிட்டது. சிறுத்தைப் புள்ளிக் குடும்பத்துக்கு மூன்று வெளி அடையாளங்களை எல்லோரும் சொல்வார்கள்: மூக்குநுனி, கண்ணோரம், வாலடி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் மச்சம் சிதறிய தோல், மேலிருந்து கீழாக வரியோடிய குளம்பு, மனிதர் கண்போல வெண்பகுதி வெளியே தெரியும் கண். மூன்றுக்கும் ஒரே மதிப்புக் கொடுப்பது தவறு என்பது என் அனுபவம். கால் வெள்ளையாக இருந்தால் குளம்பு எப்படியும் வெளிறித்தான் இருக்கும். அங்கே வரி இருப்பதையும் இல்லாததையும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கருங்காலில் வரி இருந்தால்தான் அது பேசும். முகத்தில் வெள்ளை அகலமாக இறங்கிய குதிரைக்கும் கண்ணின் வெண்பகுதி தெரியும். ஆகவே நான் முதலில் வாலைத் தூக்கித்தான் பார்ப்பேன். வந்தவர்கள் சிரித்தாலும் அதுதான் நம்பத்தக்க இடம். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: பிறந்த குட்டியின் தோலில் மச்சம் தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம், மாதங்கள் செல்லச் செல்லத்தான் விரியும். பிறந்த வாரத்தில் 'இல்லை' என்று எழுதிவிடக் கூடாது.

தாயின் மூக்கை அன்று மாலை போய்ப் பார்த்தேன். மச்சம் மச்சமாக இருந்தது. இரண்டு ஆண்டுகளாகத் தினமும் அந்த மூக்குக்கு நேரே கையை நீட்டித் தீனி கொடுத்திருக்கிறேன்.

இதன் உள்வேலை எளிமையானது, ஆனால் மறந்துவிட்டால் தவறு செய்ய வைப்பது. 'லெப்பர்ட் காம்ப்ளெக்ஸ்' என்று அழைக்கப்படும், சுருக்கமாக எல்பி என்னும் மரபணுமாற்றம் இருந்தால்தான் இந்தக் குடும்பமே உண்டு. டிஆர்பிஎம்1 என்ற மரபணுவுக்குள் நெடுங்காலத்துக்கு முன் வந்து செருகிக்கொண்ட ஒரு துண்டே அதற்குக் காரணம் என்று 2013-இல் கண்டறிந்தார்கள். பிரான்சின் பெஷ் மெர்ல் குகையில் ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முன் வரைந்த புள்ளிக் குதிரைகள் வெறும் கற்பனை அல்ல, அக்காலக் குதிரைகளிலும் இதே மாற்றம் இருந்தது என்று பழைய எலும்புகளின் மரபணுவிலிருந்து 2011-இல் காட்டப்பட்டது. எல்பி ஒரு பிரதி மட்டும் இருந்தால் வெள்ளைக்குள் புள்ளிகள் நிறைந்திருக்கும். இரண்டு பிரதிகள் இருந்தால் புள்ளிகள் அருகிப்போகும் அல்லது இல்லாமலே போகும். புள்ளி அதிகமுள்ள குதிரையிடம்தான் புள்ளி மரபணுவும் அதிகம் என்று எண்ணும் நம் இயல்புக்கு இது நேர்மாறானது. வெள்ளை எவ்வளவு பரவ வேண்டும் என்பதை வேறு மரபணுக்கள் முடிவு செய்கின்றன. அவற்றில் வலியது 'பேட்டர்ன் 1'. 2016-இல் இது அடையாளம் காணப்பட்டது. எல்பி ஒன்றோடு அது சேர்ந்தால் உடல் முழுதும் வெள்ளையில் புள்ளி வைத்த 'லெப்பர்ட்'. எல்பி இரண்டோடு சேர்ந்தால் ஏறக்குறைய முழு வெள்ளையான 'ஃப்யூஸ்பாட்'. எல்பி இல்லாத குதிரையில் பேட்டர்ன் 1 எதையும் காட்டாமல் ஒளிந்திருக்கும். எங்கள் டோபியானோ ஆண் குதிரை போன்ற புள்ளியற்ற ஒன்று, குட்டியின் வெள்ளை எவ்வளவு விரிய வேண்டும் என்பதில் சத்தமில்லாமல் கைவைத்துவிட முடியும்.

இவ்வளவும் படித்துத் தெளிந்துவிட்டேன் என்ற துணிவில், 2018-இல் செவலையை அயலூர் லெப்பர்ட் ஆண் குதிரை ஒன்றோடு இணை சேர்த்தோம். அதன் உடல் வெள்ளைத் துணியில் கரும்பொட்டு வைத்ததுபோல இருக்கும். சேர்ப்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய ஒரு பரிசோதனையை நாங்கள் செய்யவில்லை. அதன் விலையை 2019 ஏப்ரலில், அதிகாலை இரண்டு மணிக்கு உணர்ந்தோம்.

குட்டி முன்கால்களும் மூக்கும் முதலில் வந்து, எந்தச் சிக்கலும் இல்லாமல் பிறந்தது. துவாலையால் துடைத்துவிட்டு விளக்கைத் தூக்கிப் பார்த்த என் மனைவி ஒன்றும் பேசவில்லை. குட்டி வெள்ளையாக இருந்தது. நான்கு குளம்புகளும் சிப்பி நிறத்தில் வெளிறியிருந்தன.

ஃபிரேம் ஓவெரோ என்ற வெள்ளைத் திட்டு வகை ஒன்று உண்டு. அதன் மரபணு ஒரு பிரதி இருந்தால் அழகான திட்டு, அல்லது முகத்தில் சிறிது அகலமான வெள்ளை. சில குதிரைகளில் அதுகூடத் தெரியாது. இரண்டு பிரதிகள் சேர்ந்த குட்டியோ முழு வெள்ளையாகப் பிறக்கும். பெருங்குடலை இயக்கும் நரம்புக் கணுக்கள் அதற்கு உருவாகியே இருக்காது. வயிற்றில் சென்ற பால் வெளியேற வழியின்றி, சில மணி நேரத்தில் வயிற்றுவலி தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் இறந்துவிடும்; காப்பாற்ற வழி கிடையாது. இதற்கான மரபணுமாற்றம் 1998-லேயே கண்டறியப்பட்டது. மயிர்ப் பரிசோதனையும் உண்டு. இரண்டு ஃபிரேம் குதிரைகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டி இப்படிப் பிறக்க வாய்ப்பு. மினியேச்சர்களில் இந்த மரபணு உண்டு என்பது எனக்குத் தெரியும். செவலைக்கு நெற்றியிலிருந்து மூக்கு வரை அகலமான வெள்ளை இருப்பதும் தெரியும். ஆண் குதிரையின் வெள்ளைக்கு அடியில் வேறு என்ன வெள்ளை ஒளிந்திருக்கிறது என்பது அதன் உரிமையாளருக்கே தெரியாது, ஏனென்றால் அவரும் சோதித்ததில்லை.

தொலைபேசியில் கிடைத்த கால்நடை மருத்துவர் நிறத்தைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார், கண் என்ன நிறம் என்று; சாகப்போகும் அந்த வெள்ளைக் குட்டிகளுக்குக் கண் பெரும்பாலும் நீலமாக இருக்கும். மற்றவை எல்லாம் குட்டி எழுந்ததா, சீம்பால் குடித்ததா, முதல் மலம் போனதா என்பவை. ஊரில் காட்டுப்பீ என்று சொல்லும் அந்தக் கருமலத்துக்காக நாங்கள் இருவரும் வைக்கோலில் உட்கார்ந்து காத்திருந்ததுபோல வாழ்க்கையில் வேறெதற்கும் காத்திருந்ததில்லை. பிறந்த குட்டியின் கண்ணில் பொதுவாகவே ஒரு நீலச் சாயல் இருப்பதால், டார்ச் வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. ஆனால் உடல் காயக் காய, ஈரத்தில் தெரியாதவை தெரிந்தன. தாடையோரம் செம்மண் தடவியதுபோல ஒரு சாயல், முழங்கைக்குப் பின்னே ஒன்று, தொடைமடிப்பில் ஒன்று, குளம்புகளுக்கு மேலே காலில் செந்நிறக் கீற்றுகள். ஃப்யூஸ்பாட் குட்டிகளில் நிறம் எஞ்சி நிற்கும் இடங்கள் இவைதாம். நான்கு மணி அளவில் குட்டி வாலைத் தூக்கி முதுகை வளைத்துக் காட்டுப்பீ போட்டது. என் மனைவி அழுதுவிட்டார்.

விடிந்ததும் மூக்கைப் பார்த்தேன். இளஞ்சிவப்பில் மிளகைச் சிதறியதுபோல மிகச் சிறிய புள்ளிகள். எல்பி இரண்டு பிரதிகள் உள்ள குதிரைகளில் குளம்பு வரி குறைந்து, குளம்பு முழுதும் வெளிறியே இருப்பது வழக்கம் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் அஞ்சிய வெளிறிய குளம்பு ஃப்யூஸ்பாட்டுக்கும் இயல்பானதுதான். ஆனாலும் எங்கள் நிம்மதி அறிவால் வந்ததல்ல, அதிர்ஷ்டத்தால் வந்தது. அதன் பிறகு எங்கள் தொழுவத்தில் ஃபிரேம் சோதனை முடியாத எந்தக் குதிரையும் இணை சேர்வதில்லை. பிடரியிலோ வாலிலோ இருபது முப்பது மயிர்களை வேரோடு பிடுங்கி அனுப்பினால் போதும். கத்தரித்த மயிர் பயன்படாது, வேர்க்குமிழ் இருக்க வேண்டும். அதே மயிரில் எல்பி, பேட்டர்ன் 1 இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். முடிவு வந்தபோது குட்டிக்கு எல்பி இரண்டு, பேட்டர்ன் 1 ஒன்று. தாய்க்கும் மகளுக்கும் ஃபிரேம் இல்லை.

எல்பி இரண்டு என்ற அந்த வரியில் இன்னொரு செய்தியும் அடங்கியிருந்தது. அதை நான் தாளில் படித்து, உடலில் உணராமல் விட்டுவிட்டேன். இரண்டு பிரதிகள் உள்ள குதிரைகளுக்குப் பிறவியிலேயே மாலைக்கண். பகலில் பார்வை சரியாக இருக்கும், மங்கிய வெளிச்சத்தில் இருக்காது. புள்ளியை உண்டாக்கும் அதே டிஆர்பிஎம்1 விழித்திரையிலும் வேலை செய்ய வேண்டியது என்பதால் இந்த இரட்டைப் பாதிப்பு. வயதோடு அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒரு பிரதி மட்டும் உள்ள தாய்க்கு இந்தக் குறை கிடையாது. குட்டி தாயின் விலாவை உரசியபடியே திரிந்ததால் ஐந்து மாதம் வரை எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. பால் மறக்கடிக்கத் தனியே பிரித்த முதல் மாலை, இருட்டும் நேரத்தில் அது ஓடிவந்து வேலிப் பலகையில் நெஞ்சை மோதிக்கொண்டது. காயம் சிறியதுதான். ஆனால் அந்தப் பலகை இருப்பது அதற்குப் பகல் முழுதும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு செய்தவை செலவில்லாதவை. தண்ணீர்த் தொட்டியையும் தீனிப் பெட்டியையும் இடம் மாற்றுவதில்லை. புதிய புல்வெளியைப் பகலில் மட்டும் அறிமுகம் செய்வோம். தாழ்ந்த கம்பிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். இருட்டில் பேச்சுக் கொடுக்காமல் பக்கத்தில் போவதில்லை. கூட்டாளியாக விட்ட வயதான குதிரையின் கழுத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த மாட்டு மணி ஒன்றைக் கட்டினோம். குட்டி ஒரு வாரத்தில் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கற்றது. கண் சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, வெயிலில் இமையை இடுக்கினாலோ அன்றே மருத்துவரை அழைப்பதும் பழக்கமாயிற்று. எல்பி உள்ள குதிரைகளுக்குக் கண்ணின் உள் அழற்சி திரும்பத் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல்.

சாம்பல் நிறத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த அனுபவம் முழுமை பெறாது. புள்ளி என்று நம்பிப் பணத்தை இழந்தவர்களை நான் அதிகம் பார்த்தது அங்கேதான். தெரிந்த ஒருவர் பிளாங்கெட் வகை ஆண்குட்டி ஒன்றை, இடுப்பில் வெள்ளையும் அதில் பெரிய கரும்புள்ளிகளும் பார்த்து நல்ல விலைக்கு வாங்கினார். ஆறாம் வயதில் அது முழு வெள்ளையாகிவிட்டது. புள்ளி அங்கேதான் இருந்தது. சாம்பல் மரபணு அதன்மேல் வெள்ளையடித்துவிட்டது. காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாவதைப் பார்த்தவனுக்கு இதில் வியப்பில்லை. குதிரையில் அது ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடப்பதால் விற்பவரும் வாங்குபவரும் ஏமாறுகிறார்கள். குட்டியின் கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல வெள்ளை மயிர் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பெற்றோரில் ஒன்றாவது சாம்பலாக இருந்தாக வேண்டும் என்பதால், அந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும். பாதி வெளுத்த சாம்பல் குதிரையின் வளையத் தேமல்களையும், முற்றிய சாம்பல் குதிரையில் வரும் சிறு செம்பொட்டுகளையும் லெப்பர்ட் என்று காட்டுவோரும் உண்டு. தோலைப் பார்த்தால் அடியில் ஒரே சீரான கருமை.

மயிர் வெட்டும் பருவமும் கண்ணை ஏமாற்றும். குளிர்காலத்தில் இந்தக் குதிரைகள் கரடிபோல மயிர் அடர்ந்து நிற்கும். அதற்குள் பனித்துளி போன்ற சிறு வெண்புள்ளிகள் மறைந்துபோகும். வசந்தத்தில் மழித்தாலோ, அடிமயிரின் எலி நிறம் வெளிப்பட்டுக் கருங்குதிரைகூடச் சாம்பலாகத் தோன்றும். எல்பி உள்ள கருங்குதிரைக்கு வெண்கலச் சாயல் ஏறுவதும் உண்டு. அதை 'பே', அதாவது கரும்பிடரியும் செம்பழுப்பு உடலும் கொண்ட நிறம், என்று பதிவு செய்தவர்கள் பலர். நான் இப்போது ஒவ்வொரு குதிரைக்கும் ஆண்டுக்கு மூன்று முறை படம் எடுக்கிறேன்: குளிர் மயிரோடு ஒன்று, மழித்து ஆறு வாரம் கழித்து ஒன்று, நனைத்து ஒன்று. செவலையின் பதிவுத் தாளைத் திருத்தக் கேட்டு எழுதியபோது, நான்கு ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்ததும் அதிக விளக்கம் தேவைப்படவில்லை.

சென்ற ஆண்டு ஒருவர் ஃப்யூஸ்பாட்டை விலைக்குக் கேட்டு வந்தார். எதோடு சேர்த்தாலும் எல்லாக் குட்டிக்கும் எல்பி கிடைக்கும் என்பதால் அதற்கு இங்கே நல்ல மதிப்பு. பகலில் அதன் வெள்ளையைப் பார்த்து விலை பேசத் தொடங்கியவரை இருட்டும் வரை இருக்கச் சொல்லி, மணி கட்டிய குதிரையைத் தொழுவத்துக்குள் விட்டுவிட்டு, ஃப்யூஸ்பாட் தனியே வாசலை எப்படித் தேடுகிறது என்று காட்டினேன். விற்பனைத் தாளிலும் மாலைக்கண் உண்டு என்று கையால் எழுதி வைத்திருந்தேன். அன்று அவர் வாங்காமல் போனார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து, மணியோடு சேர்த்து அந்தக் கிழட்டுக் குதிரையையும் தர முடியுமா என்று கேட்டார்.